அடிப்பதும் பிடிப்பதும்

விழுப்புரம்
14.7.2024

அன்பு அக்காவுக்கு,

வெனிலா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாமாவும் சகாயாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மட்டும் நம்பாமல் டாக்டரிடம் காட்டு.

போன மாதம் நீ போனில், "இனிமே இதுல பேச வேணாண்டி. லெட்டர் போடு, ஸ்கூல் அட்ரசுக்கே போடு" என்றபோது நான் சிரித்துவிட்டேன். விழுப்புரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திண்டிவனம். இதற்கு ஒரு கடிதமா? சகாயா போனை எடுத்துக்கொண்டு தருவதில்லை என்று நீ சொன்ன காரணத்தை நான் நம்பவும் இல்லை. இருந்தாலும் தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தேடித்தான் கவர் எடுத்து வந்தாள்.

எனக்கு உன்னால் ஓர் உதவி வேண்டும். ஒரு சிறு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். கதை எழுதுகிறவர்கள் அதிர்ஷ்டத்தை எதுவாகக் காட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். ஒருவருக்கு அது கதவைத் தட்டும் விருந்தாளி. ஒருவருக்குத் திசை மாறும் காற்று. பழைய பாட்டுகளில் உருளும் வண்டிச் சக்கரம். கல்லூரி நூலகத்தில் கிடைப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. உங்கள் பக்கத்து மனிதர்கள் பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் என்று காதில் விழுவதை எழுதி அனுப்பு.

மே மாதம் நடந்ததை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. சகாயா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்காக மாமா தன் ஞாயிற்றுக்கிழமை டூட்டியை, கூட வேலை பார்க்கும் டிரைவர் மாரியப்பன் அண்ணனிடம் மாற்றிக் கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் கரும்பு டிராக்டரில் மோதிய பஸ்ஸில் டிரைவர் சீட்டில் இருந்திருப்பது மாமாதான். மாரியப்பன் அண்ணனுக்குக் கால் போனது வேதனைதான். ஆனாலும் நம் மாமாவுக்கு எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம். இப்போது எந்த ரூட்டில் ஓட்டுகிறார்?

உன் தங்கை
வெனிலா


திண்டிவனம்
2.8.2024

அன்பு வெனிலாவுக்கு,

உன் கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஹெச்.எம். கையால் கொடுத்து, "யாருங்க டீச்சர், லெட்டர்லாம் போடுறது?" என்று கேட்டார். நாங்கள் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீ கேட்டதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு திரிகிறேன். எங்கள் சத்துணவுக் கூடத்துச் சமையலம்மா யார் நன்றாக இருந்தாலும், "அவளுக்கு இன்னாம்மா, சுக்கிர திசை" என்கிறாள். பஸ்ஸில் ஒருவர் தன் மருமகளைப் பற்றி, "அது கால் வச்ச நேரம், போர்ல தண்ணி வந்துடுச்சு" என்றார். காய்கறிக் கடையில் ஒரு பெண், "இன்னிக்கு யார் மூஞ்சியில முழிச்சனோ" என்று முனகிக்கொண்டிருந்தாள். நம் கோயிலில் முதல் வரிசையில் உட்காரும் சவுரியம்மாள் அக்கா, மல்லாட்டைக் கடலை விலை இறங்கிப்போனதற்கு, "சனி புடிச்சிகினு வுட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு சிலுவை போட்டுக்கொண்டார்.

அதே சவுரியம்மாள் அக்கா போன ஞாயிறு சகாயாவின் கன்னத்தைப் பிடித்து, "உன் புதுநன்மைதாண்டி உங்கப்பனைக் காப்பாத்துச்சு. ராசிக்காரப் பொண்ணு நீ" என்றார். வீட்டுக்கு வந்ததும் சகாயா, "அப்ப மாரியப்பன் பெரியப்பாவுக்கு மட்டும் நான் ராசியில்லாத பொண்ணாம்மா?" என்று கேட்டாள். நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

மாமா நலம். வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
அமலோற்பவமேரி


விழுப்புரம்
11.8.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம். அங்கே மூவரின் சுகத்தையும் அறிய ஆவல். கட்டுரைக்கு நீ அனுப்பியது நூலகத்தில் கிடைத்ததைவிட நன்றாக இருக்கிறது.

அதை வைத்து ஒன்று கண்டுபிடித்தேன். நல்லது வந்தால் யோகம் "அடித்தது" என்கிறோம். கெட்டது வந்தால் சனி "பிடித்தது" என்கிறோம். அடிப்பது ஒரு கணம், அடித்துவிட்டுப் போய்விடும். பிடிப்பது அப்படியில்லை. பிடித்தால் கூடவே இருக்கும், சோறு உண்ணும்போதும் தூங்கும்போதும். இதை யாரும் உட்கார்ந்து யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

கட்டுரையின் முடிவாக நம் வீட்டுக் கதையையே எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. படித்துப் பார்:

"ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாவு ஓர் ஓட்டுநரின் வீட்டைத் தேடி வந்தது. விலாசம் தப்பி அடுத்த ஊரில் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டியது. ஒரு காலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியது. அந்த நேரத்தில் தப்பியவன் வெள்ளைக் கவுன் அணிந்த மகளின் கையைப் பிடித்தபடி கோயிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தான். அதிர்ஷ்டம் என்பது சில நாட்களில் விலாசம் தப்பும் தபால்காரன்."

எப்படி இருக்கிறது? ஆசிரியர் படித்துவிட்டு இரண்டு முறை போன் செய்து பாராட்டினார்.

மாமாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டாயா? எந்த ரூட் என்று கேட்டேன், பதிலே இல்லை.

உன் தங்கை
வெனிலா


திண்டிவனம்
29.9.2024

அன்பு வெனிலாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

பழக்கத்தில் நீ வீட்டு விலாசம் எழுதிவிட்டாய். தபால்காரர் வந்தபோது வீட்டில் இருந்தது உன் மாமா. மாலையில் நான் வந்து பார்த்தால், கடிதம் பிரித்துப் படித்து, மறுபடி மடித்து, ஜன்னல் மேடையில் இருந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான், "நல்லா எழுதியிருக்குது உன் தங்கச்சி" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு சொன்னார்:

"விலாசம் தப்பலை, அமலா. நான்தானே மாத்திக் குடுத்தேன்."

எழுந்து போய்க் கை கழுவினார். தட்டில் சோறு பாதி இருந்தது.

இனி உன்னிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. மே மாதத்திலிருந்து அவர் பஸ் எடுக்கவில்லை. முதலில் இடுப்பு வலி என்றார். ஜூன் மாதம் முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனார், சீட்டில் ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பக் கை வரவில்லை என்று இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "நீ அதிர்ஷ்டக்காரம்பா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். அவர்கள் கிளம்பின பிறகுதான் வருவார்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. போனில் நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் விழும். அதனால்தான் கடிதம் போடச் சொன்னேன்.

அமலா


விழுப்புரம்
5.10.2024

அக்கா,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். ஆசிரியருக்கு வருத்தம். கட்டுரைக்கு உயிரே அதுதான் என்றார். அது வேறொருவருடைய உயிர் சார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எழுதும்போது வரி நன்றாக விழுந்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அதை மாமா படித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அவர் மாரியப்பன் அண்ணனைப் போய்ப் பார்த்தாரா? நான் வந்து பேசட்டுமா? பூஜை விடுமுறையில் வர முடியும். இந்தக் கடிதம் பள்ளி முகவரிக்குத்தான். இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

வெனிலா


திண்டிவனம்
3.11.2024

அன்பு வெனிலாவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நீ இப்போது வர வேண்டாம். யார் வந்தாலும் பின்பக்கம் போய்விடுகிறார்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு மூவரும் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தேவநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் மாமாவோடு ஒரே பஸ்ஸில் வெகுநாள் வேலை பார்த்தவர்.

"சிஸ்டர், சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சிகினே இருந்தேன். ஞாயித்துக்கிழமையானா அண்ணன் நம்ம பஸ்லதான் ஏர்றாரு. மயிலத்துக்கு முன்னாடி மாரியப்பன் ஊரு ஸ்டாப்புல எறங்குறாரு. நாங்க போய்ட்டுத் திரும்பி வர்றப்பவும் அதே எடத்துல நிக்கிறாரு. ஏறி உக்காந்துக்குறாரு. ஊருக்குள்ள போறதேயில்ல."

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் எங்கோ வெளியே போவார். சாயங்காலம் ஒரு பை ஆப்பிளோடு வருவார். வேலை இல்லாத வீட்டில் வாராவாரம் ஆப்பிள் எதற்கு என்று நான் இரண்டு முறை சத்தம் போட்டிருக்கிறேன். அது யாருக்கு வாங்கியது என்று நேற்றுத்தான் தெரிந்தது. அத்தனையும் சகாயா தின்றிருக்கிறாள்.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்றும் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் இதை முடிக்கிறேன்.

அமலா


விழுப்புரம்
12.11.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நலம். நலமறிய விழைகிறேன். இது அக்காவுக்கு இல்லை, உங்களுக்கு.

உங்களுக்கு நேர்ந்ததை ஒரு கட்டுரைக்கு அழகாக ஆக்கிக்கொண்டேன். அது தப்பு. அதை அச்சுக்குப் போகாமல் எடுத்துவிட்டேன். உங்களை அதிர்ஷ்டக்காரர் என்று இனி நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன என்று கேட்க மட்டும் எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சகாயா வயதில் என்னை பஸ் முன்சீட்டில் உட்கார வைத்து ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர் நீங்கள்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

வெனிலா


திண்டிவனம்
15.12.2024

அன்பு வெனிலாவுக்கு,

புயல் மழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆகியும் இன்றுதான் எழுத உட்கார முடிந்தது. உங்கள் தெருவில் தண்ணீர் வடிந்ததா? வீட்டுச் சாமான் எதுவும் நனைந்துவிடவில்லையே? இங்கே பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் வீட்டுக்குள் வரவில்லை.

மழை கொட்டின மறுநாள் ஞாயிறு காலை தேவநாதன் போன் செய்தார். மாரியப்பன் அண்ணன் ஊருக்குள் ஏரித் தண்ணீர் புகுந்துவிட்டது, ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது, அவர் மட்டும் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க முடியாமல் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறார், அவர் மனைவி கன்னியம்மா அக்காவும் அவரை விட்டு வரமாட்டேன் என்று கூடவே இருக்கிறார் என்றார். தேவநாதன் விழுப்புரம் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். வர வழியில்லை.

உன் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். முத்துசாமியின் பால் வண்டி, அந்தக் குட்டியானை, வாசலில் நின்றிருந்தது.

"சாவி குடு, முத்துசாமி."

"நீயா ஓட்டப் போற?"

"குடுப்பா."

சகாயாவை முத்துசாமி வீட்டில் விட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். அவர் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது. ரோட்டில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் மோதின இடம் வந்தபோது வேகத்தைக் குறைத்தார். நிறுத்தவில்லை.

ஊர் முனையில் வண்டியை விட்டுவிட்டு இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். மாரியப்பன் அண்ணன் கட்டிலில் ஒரு துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு, ஸ்டீபனா?"

"ஆமாண்ணே."

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

உன் மாமா முதுகைக் காட்டிக் குனிந்தார். அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நானும் கன்னியம்மா அக்காவும் மூட்டையோடு பின்னால் போனோம். தண்ணீரில் நடந்துகொண்டே அண்ணன் பேசினார்.

"உன் மேல எனக்குக் கோவம்தாண்டா."

"தெரியும்ணே. நான் டூட்டி மாத்திக் கேக்காம இருந்திருந்தா..."

"அட, அதுக்கு இன்னாத்துக்குக் கோவப்படப் போறேன்? டூட்டி மாத்துறது நாம எப்பவும் பண்றதுதானே. உன் டூட்டிய நான் பாத்ததில்ல? என் டூட்டிய நீ பாத்ததில்ல? ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வந்து பாத்துட்டுப் போனான். நீ ஒரு தபா வந்தியா? அதுக்குத்தான் கோவம்."

"வந்தேண்ணே. ஸ்டாப்பு வரைக்கும் வந்தேன். வாராவாரம் வந்தேன்."

அண்ணன் கழுத்தைக் கட்டியிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். அப்புறம், "கெட்டியாப் புடி, வழுக்குது" என்றார்.

ஒரு வாரத்துக்கு மேல் அவர்கள் எங்களோடு இருந்தார்கள். ஹாலில் ஆண்கள், சமையல்கட்டில் நாங்கள். கன்னியம்மா அக்கா முதல் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேப்பைக் கூழ் கிண்டும்போது துடுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு நாள் சவுரியம்மாள் அக்கா வந்தார். மாரியப்பன் அண்ணனைப் பார்த்து, "கால் போனா போவுது, உசுரு மிஞ்சுச்சே. அதிர்ஷ்டக்காரரு நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டின பிறகு கன்னியம்மா அக்கா சமையல்கட்டிலிருந்தே சொன்னார்:

"இந்த வீட்டுக்கும் அதே வார்த்த, எங்க வீட்டுக்கும் அதே வார்த்த. ஒரே பொடவைய ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதி குடுத்திருக்காங்க. கட்டிக்க ஒருத்தருக்கும் பத்தல."

ஹாலில் இரண்டு பேரும் சிரித்தார்கள். உன் மாமா அன்று பின்பக்கம் போகவில்லை.

அமலா


திண்டிவனம்
5.1.2025

அன்புள்ள வெனிலாவுக்கு,

மாமா எழுதுவது. புது வருஷம் நல்லபடியாக இருக்கட்டும். இங்கே சுகம். அங்கே சுகமா?

நீ நவம்பரில் போட்ட கடிதம் கிடைத்தது. எனக்கு எழுத வராது. அதனால் அப்படியே வைத்திருந்தேன். நீ எழுதியது தப்பு என்று சொல்லியிருந்தாய். படித்த அன்றைக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரைக்கும் அமலாவிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு வரவில்லை. நீ தபால்காரன் என்று எழுதியதைப் பார்த்து, அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படித்தான் பேச்சு வந்தது. நீ வருத்தப்படாதே.

இரண்டாம் தேதியிலிருந்து பஸ் எடுக்கிறேன். பழைய ரூட்தான்.

இன்னொரு விஷயம். மாரியப்பன் அண்ணனுக்குச் செயற்கைக் கால் செய்ய உங்கள் ஊரில் அளவு கொடுத்திருக்கிறோம். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாட்டிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் கூட்டி வருகிறேன். மதியம் உன் வீட்டில் சாப்பிடலாமா? அண்ணனுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்.

ஸ்டீபன்ராஜ்


விழுப்புரம்
26.1.2025

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் முழங்காலுக்கு மாமாவிடம் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினேன், சாப்பாட்டுக்குப் பிறகு போடு. கட்டுரை இந்த மாத இதழில் வந்துவிட்டது. சிறியதாகத்தான் இருக்கிறது. ஒரு பிரதி தனியாக அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் அரை நாள் லீவு போட்டு நானும் கால் மாட்டும் இடத்துக்குப் போனேன். மாரியப்பன் அண்ணனை நான் அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிட உயரம். கம்பிகளுக்கு நடுவே நிற்க வைத்து நடக்கச் சொன்னார்கள். முதல் தடவை பாதியிலேயே நின்று, வலிக்கிறது என்று கழற்றச் சொன்னார். பஞ்சு வைத்து மறுபடி மாட்டினார்கள். மறுபடி நடந்தார். மாமா சுவரோரம் நின்று அவருடைய பழைய செருப்பு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக ஒன்றுதான் தேய்ந்திருந்தது. கம்பியின் கடைசிக்குப் போய்த் திரும்பியபோது அண்ணன், "குடுடா அதை" என்று கேட்டு வாங்கி, இரண்டு காலிலும் போட்டுக்கொண்டார்.

என் வீடு மாடியில் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் படிகள் கண்ணில் பட்டன. சாப்பாட்டைக் கீழேயே எடுத்து வருகிறேன் என்றேன். "கொழம்பு வாசன மேலருந்துதானம்மா வருது" என்று சொல்லிவிட்டு அண்ணன் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார். மாமா ஒரு படி கீழே, இரண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். தொடவில்லை. நடுவில் அண்ணன் ஒரு தரம் தடுமாறினார். மாமாவின் கை அவர் முதுகுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய் நின்றது. அண்ணன் தானே நிமிர்ந்து மறுபடி ஏறினார்.

மேலே வந்து நாற்காலியில் சாய்ந்து, வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடும்மா" என்றார். நான் சொம்போடு வந்தேன். அவர் குடித்து முடித்து, குழம்புக்கு உப்பு போட்டாயா என்றுகூடக் கேட்டுவிட்டார். மாமா இன்னும் கடைசிப் படியில், இரண்டு கையையும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

உன்
வெனிலா